துருவும் கை நின்றபோது

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நானும் அம்மாவும் இருக்கும் வீட்டில், சமைக்கும் குசினிச் சுவருக்கு அப்பால் பிலிப்பைன்ஸ்காரி லிகாயா இருக்கிறாள். ஒரு பிரெஞ்சு நாவலைப் பிலிப்பினோ மொழியில் மொழிபெயர்க்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், எழுதியதைத் தேங்காய் துருவும் தன் தாய்க்கு உரக்க வாசிப்பாள்.

“என் பிள்ளைகள் பிரெஞ்சிலேயே படித்துவிடுவார்கள். பிறகு அந்தக் கதையை என் அம்மாவோடு எப்படிப் பேசுவார்கள்?” என்று ஒருமுறை கேட்டாள்.

அந்தத் துருவல் சத்தம் என்னை மன்னாருக்குக் கொண்டுபோய்விடும். அப்பா ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்குவார். மாலையில் குசினிப் படியில் அமர்ந்து, எழுதிய கொப்பியை விரித்து அம்மாவுக்கு வாசிப்பார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். துருவும் கை ஓடிக்கொண்டேயிருந்தால் அப்பா அந்த வரியை வெட்டிவிடுவார். கை நின்றால்தான் பக்கத்தைப் புரட்டுவார்.

ஒருநாள், கதையில் ஒரு பெண் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போகும் இடத்தில் கை வெகுநேரம் நின்றது.

“அதை மாத்துங்கோ. பிள்ளையள் கேக்குதுகள்,” என்றார் அம்மா.

“எழுதினவன் மாத்தேல்லையே. நான் எப்பிடி மாத்திறது?” என்றார் அப்பா.

பிறகு நாங்களும் அப்படித்தான் பூட்டிவிட்டு வந்தோம். கொப்பிகள் உள்ளே இருந்தன. போர்நிறுத்தம் வந்து, போன வருடம் நான் போய்ப் பார்த்தபோது வீடே இருக்கவில்லை. இங்கே வந்தும் அப்பா பேனையைத் தொடவில்லை. அப்படியே கண்ணை மூடிவிட்டார்.

இந்த ஞாயிறும் லிகாயா வாசித்துக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் சட்டென்று நின்றது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சுவரைப் பார்த்தார். அவருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

“சரியா வந்திட்டுது,” என்றார்.