வட்டம் தெரியக் கூடாது

கண்ணாடிக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடை அது. பல வருடங்களாக அவரிடம்தான் கண்ணாடி போடுகிறேன். ஆனால் அன்று நான் கேட்டது அவருக்குப் பிடிபடவில்லை.

"தூரத்துல இருக்கது மங்கலாத் தெரிஞ்சாப் போதும். கையை நீட்டுனா எம்புட்டுத் தூரம் வருமோ, அந்த இடம் மட்டும் பளிச்சுன்னு தெரியணும்" என்றேன்.

"எல்லாரும் தூரம் தெரியலன்னுதான் வாராக டீச்சர். நீங்க என்ன, தெரியக் கூடாதுன்னு வாரீக?"

துப்பாக்கி சுடுவதற்கு என்றேன். அவர் பவர் பார்க்கும் ஃபிரேமை என் மூக்கில் மாட்டிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

நீங்களும் தள்ளி நிற்க வேண்டாம். ஏர் பிஸ்டல்தான். பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு கறுப்பு வட்டம், அதை ஒற்றைக் கையால் சுட வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்த வருடம், பிள்ளைகளை ரைஃபிள் கிளப்புக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகள் எல்லாம் ட்யூஷன், நீட் என்று கலைந்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள்.

நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும், போன வருடம் சில மாதங்கள் நான் காணாமல் போயிருந்தேன். திரும்பி வந்தபோது 'உடம்பு சரியில்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. வலது மார்பில் கட்டி. ஆபரேஷன், மருந்து, கதிர்வீச்சு எல்லாம் ஆயிற்று. கொட்டிய முடிகூட முன்பைவிடச் சுருட்டையாகத் திரும்ப வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தோளுக்குமேல் தூக்க முடியாது. சேலைத் தலைப்பைச் சரிசெய்யக்கூட இடது கை வேண்டியிருந்தது.

பிசியோதெரபி பெண் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, விரல்களாலேயே சுவரில் ஏற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, பல்லி ஏறுகிற மாதிரி. என் கணவர் அருள் தல்லாகுளத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். காலையில் ஆபீஸ் கிளம்புமுன் பக்கத்தில் வந்து நின்று, என் விரல் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். ஹால் சுவர் முழுக்கக் கோடுகள். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "யாரு மாப்ள இம்புட்டு ஒசரம் வளந்தது?" என்று கேட்டார். அருள் என்னைக் கைகாட்டினார்.

கை தோளைத் தாண்டியதும் டாக்டரிடம் பிஸ்டலைப் பற்றிக் கேட்டேன். முதலில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அப்புறம் ஒரு லிட்டர், வீக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொன்னார். பாட்டிலைத் தூக்கித் தூக்கிக் கடைசியில் பிஸ்டலுக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சிக்கு வேறு இடம் தேடவில்லை. அதே ஹால், அதே சுவர்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் எந்தச் சுவர் காலியாக இருக்கிறது? ஒன்றில் காலண்டர், ஒன்றில் கல்யாண போட்டோ, கோடு போட்ட சுவரின் நடுவில் இயேசுவின் திரு இருதயப் படம். "ஆண்டவருக்கு நேராத் துப்பாக்கியை நீட்டாத ஸ்டெல்லா" என்று அருள் கெஞ்சினார். ஆண்டவர் டி.வி.க்கு மேலே குடிபோனார்.

இதற்கு டிரை ஃபயர் என்று பெயர். பிஸ்டலில் குண்டு கிடையாது. பெல்லட் டப்பா வேறு அறையில், பீரோவுக்குள் இருக்கும். பிஸ்டலைத் திறந்து காலிதானா என்று பார்ப்பேன், நம்பாமல் இன்னொரு தடவையும் பார்ப்பேன். அந்தச் சுவருக்கு முன்னால் யாரும் குறுக்கே வரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பிறகு வெறும் சுவரை நோக்கிக் கையை நீட்டி, டிரிகரை மெதுவாக... மெதுவாக... 'டிக்'. அவ்வளவுதான். எதுவும் நடக்காது.

எதுவும் நடக்காத ஒரு காரியத்தைத் தினமும் விடிகாலையில் எழுந்து செய்வதில் என்ன சுகம் என்று கேட்கிறீர்களா? எனக்குச் சொல்லத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பிஸ்டலின் முனையில் ஒரு சின்னக் கட்டை இருக்கும். ஃபோர்சைட். கைப்பிடிக்கு மேலே, பின்னால் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் கட்டை நடுவாக நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் சுவர் சுவராக இருக்காது. பென்சில் கோடுகள் கரைந்துவிடும். மார்கழிக் காலையில் மாட்டுத்தாவணிப் பக்கம் இறங்கி நிற்கும் பனியைப் போல ஒரு வெள்ளை மட்டும் எதிரே இருக்கும். பால்காரர் வண்டிச் சத்தம் எங்கேயோ கேட்கும், பக்கத்துத் தெருக் கோயில் மணி அதற்கும் அப்பால் கேட்கும். விரல் அழுத்துகிறதா, தானாக அழுந்துகிறதா என்று தெரியாது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. 'டிக்' என்றதும் கட்டை அசையாமல் நின்றால் அது நல்ல ஷாட். அசைந்தால் விரல் அவசரப்பட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நான் நோயாளி இல்லை. நோயிலிருந்து மீண்டவளும் இல்லை. அப்பாடா என்று இருக்கும்.

வீட்டில் இப்படி. ரேஞ்சில்?

எங்கள் கிளப் ரேஞ்ச் சமயநல்லூரைத் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில் இருக்கிறது. தகரக் கூரை, பின்னால் வயல், அவ்வப்போது ரயில். அங்கே போய் பெல்லட் போட்டுச் சுட்டால் அட்டையில் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஓரத்தில் ஒன்று. சுவருக்கு முன்னால் சிலை மாதிரி நிற்கும் கை, வட்டத்தைக் கண்டதும் பதறியது. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கைதானே, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். காரில் ஏறியதும் அழுதேன். அருள் வண்டியை எடுத்தார்.

அப்போதுதான் அந்த முடிவுக்கு வந்தேன். அடுத்து வரும் போட்டியில், மாநிலப் போட்டிக்குப் போவதற்கான தகுதி மதிப்பெண் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பிஸ்டலை விற்றுவிடுவது. கிளப்பில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரிடம் சொல்லியும் வைத்தேன், அருளுக்கும் தெரியும். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் 'உன்னால் முடியாது' என்று சொல்லும் ஒரு பொருள் வீட்டில் வேண்டாம் என்று நினைத்தேன்.

கிளப்பில் காதர் அண்ணே என்று ஒருவர் உண்டு. டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். என்னோடு சேர்ந்தே சுட ஆரம்பித்தவர், என்னைவிட மோசமாகச் சுடுவார், அதனாலேயே எனக்குப் பிரியமானவர். என் அட்டையைப் பார்த்து உச்சுக்கொட்டிய அவர், ஏதோ வேகத்தில் அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டார். கறுப்பு வட்டம் பின்பக்கம் போய்விட்டது. என் எதிரே வெறும் வெள்ளை.

சுட்டேன். எங்கே குறிவைப்பது என்றே தெரியாமல், வீட்டுச் சுவரில் செய்வதைப் போலவே செய்தேன். அட்டையை எடுத்து வந்து பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும்போல் நெருங்கிக் கிடந்தன. காதர் அண்ணே அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கையில கோளாறு ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க வட்டத்தைப் பாக்குறீக. பட்டுச்சா, படலையான்னு அங்கயே போய் நிக்கிறீக."

உண்மைதான். சுடும் முன்பே என் கண் பத்து மீட்டர் தாண்டிப் போய் முடிவுக்காகக் காத்திருந்தது. இங்கே கையில் இருக்கும் காரியத்தைக் கவனிக்க ஆள் இல்லை. அதற்காகத்தான் அந்தக் கண்ணாடி. இப்போது வட்டம் எனக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுபோலத் தெரிகிறது. ஃபோர்சைட் மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதற்கு எந்தக் கடையிலும் கண்ணாடி கிடைக்காது. அருளின் முகம்.

ரேஞ்சில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு கையை இறக்கித் திரும்பினால், பின்னால் நாற்காலியில் அவர் இருப்பார். நல்ல ஷாட் என்றால் புருவம் மேலே போகும். மோசம் என்றால் தாடையைத் தடவுவார். நடுத்தரமாக இருந்தால் சிரிக்க முயல்வார், அதுதான் மூன்றிலும் கொடுமை. ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கி வந்த நாட்களிலும் இதே முகம்தான். நான் ரிப்போர்ட்டைப் படித்ததே இல்லை. அவர் முகத்தைப் படித்துவிடுவேன்.

"போட்டிக்கு நீங்க வராதீங்க" என்றேன். மனிதர் வாடிப்போய்விட்டார். போட்டியன்று காலையில் பார்த்தால் சட்டை போட்டுக்கொண்டு ரெடியாக நிற்கிறார்.

"வாரேன். ஆனா பாக்க மாட்டேன். மார்க் என்னன்னு நீயாச் சொல்ற வரைக்கும் கேக்கவும் மாட்டேன்."

இதென்ன புதுக் கதை என்று நினைத்துக்கொண்டே போனேன். போட்டி எங்கள் ரேஞ்சிலேயேதான், ஆனால் இந்த முறை அட்டைக்குப் பதில் எலக்ட்ரானிக் டார்கெட். சுடுகிறவர் பக்கத்தில் ஒரு சின்னத் திரை, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு பெரிய திரை. என் திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாமா என்று கேட்டேன். திருப்பிக்கொள்ளுங்கள் என்றார் நடுவர். முதல் ஷாட் முடித்து, பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன்.

அருளின் முகம் இல்லை. முதுகு இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெரிய திரைக்கும் எங்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வயலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் ஒரு பக்கம் பார்க்க, அவர் மட்டும் எதிர்ப்பக்கம். உச்சி வழுக்கையில் வெயில் பட்டது. காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த முதுகை நான் அப்படி நின்று பார்த்ததில்லை. பிஸ்டலை மேஜையில் வைத்துவிட்டு, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தேன்.

அதன்பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கட்டை, இரண்டு பக்கமும் வெளிச்சம், அதற்கப்பால் சாம்பல் பஞ்சு. தகரக் கூரையின் சூடு, எங்கோ ஒரு ரயில். எங்கள் ஹாலிலேயே நிற்பதாக ஒரு தடவை தோன்றியது, பால்காரர் வருவார் என்றுகூட நினைத்தேன். நேரம் முடிந்தது என்று அறிவித்தபோதுதான் கை வலிப்பதே தெரிந்தது.

மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அருள் எழுந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார்.

"கை வலிக்குதா?" என்றார்.

வலிக்கிறது என்றேன். வீடு வரும்வரை வயலைப் பற்றியே பேசினார். ஒரு கொக்கு எருமை முதுகில் ஏறி இறங்கி விளையாடியதாம். ஒருவர் மடை திறந்ததும் தண்ணீர் வரப்போரமாக எப்படி ஓடி வந்தது என்று ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து வேறு காட்டினார். உலகத்திலேயே நல்ல மேட்ச் அவர் பார்த்ததுதான் என்று தோன்றியது.

இது நடந்து பத்து நாள் இருக்கும். சொன்ன சொல் தவறாமல் அவர் இதுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் நாள் அசதியில் சொல்லவில்லை. அப்புறம் கொஞ்சம் குறும்பு. காதர் அண்ணனிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் எனக்கே அது பிடித்துப்போயிற்று. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் ரிவ்யூ இருக்கிறது. வழக்கமாக இந்த நேரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இந்தத் தடவை முருங்கைக்காய் வாங்கும்போது முருங்கைக்காயை மட்டும்தான் பார்த்தோம். மழை வந்தபோது மொட்டைமாடித் துணியை எடுக்க ஒன்றாக ஓடினோம்.

ஆனால் பீரோவைத் திறக்கும் சாக்கில் பிஸ்டல் பெட்டி இருக்கிறதா என்று அவர் எட்டிப் பார்ப்பதை நேற்று பார்த்துவிட்டேன். வாங்க ஆள் வருவார் என்று தினமும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். பாவமாகிவிட்டது.

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். இந்தப் பத்தியை முதலில் படிக்கிற வாசகர் அவர்தான், காலைக் காபியோடு. அதனால் மற்றவர்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள்...

பாஸாயிட்டேங்க. துப்பாக்கி எங்கயும் போகல. காபி ஆறுது, குடிங்க.