வீட்டுக்காரர் உயரம்

என் அக்காவின் உயரம் நாலடி பத்து அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவள் நான்தான்.

சமையலறைச் சாமான்கள் விற்கும் ஷோரூம் ஒன்றில் பதினாலு வருஷமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்பதுதான். எங்கள் கடையில் நாற்காலி என்பது, சாமான் வாங்க வருகிறவர்களுக்கு மட்டும். சுவர் அலமாரிக்குள் பொருத்துகிற மைக்ரோவேவ் என் பிரிவு. ஜோடி ஜோடியாக வருவார்கள். ஆண் பேசுவார், பெண் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்ப்பாள். அவர் லிட்டர், வாட்ஸ் என்று என்னைக் குடைந்துகொண்டிருக்கும்போது நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீங்கதானே தினமும் புழங்கப் போறீங்க, கை எட்டுதான்னு பாருங்க" என்பேன். அதைக் கேட்டுச் சில ஆண்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும் என்று விடுவேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்காகவே சொன்னது போலிருக்கிறது.

அக்கா சட்டைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். மேலேயிருந்து குழாயில் தொங்கும் நீராவிப் பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். ஊரில் பாதி ஆண்களின் காலர் விறைப்பாக நிற்பதற்கு அவள் வலது தோள்தான் காரணம். அந்தத் தோள் இப்போது இறுகிப் போய்விட்டது. கையைத் தோளுக்கு மேலே தூக்கச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிடும். தலை வாருவதுகூட இடது கையால்தான்.

வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று அவளைச் சொல்வார்கள். புகழ்ந்து சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. வேலை முடிந்து அவள் வீடு வரும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். மூடி வைத்த தட்டில் இருப்பது ஆறிச் சில்லென்று கிடக்கும். அவள் மாமியார் இருந்த காலத்தில் ஒருநாள் அதைச் சூடுபண்ண அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். "ஒருத்திக்காக ஒரு அடுப்பா?" என்று அந்தம்மா கேட்டாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு, மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும்கூட, அக்கா தனக்கென்று அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. என்னிடம் யாராவது அப்படிக் கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி. ஆனால் அவள் நானில்லை.

தொழிற்சாலையில் பெண்கள் சாப்பிடும் அறையில் ஒரு பழைய மைக்ரோவேவ் இருந்தது. தாழ்வான பெஞ்சின் மேல், கதவில் ஒட்டுத்தாளோடு. "ரெண்டே நிமிஷம்டி, ஆவி பறக்கும்" என்று அக்கா சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் அவளுக்காக அவளே சூடாக்கிக்கொண்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குத் தொழிற்சாலையே கட்டிக் கொடுத்த குடியிருப்பில் அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. மூன்றாம் மாடி, இரண்டு அறை, குறுகலான சமையலறை. பத்திரம் அவள் பேரில். வாசல் கதவில் பித்தளைப் பலகையில் இருப்பது அத்தான் பேர். அந்தப் பலகையை ஆணியடித்து மாட்டிய அன்று அக்கா கீழே நின்று, "கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சிருக்குங்க" என்று சரிபார்த்துக் கொடுத்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

அந்த வீட்டுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று, மைக்ரோவேவ். அதுவும் சுவர் அலமாரிக்குள் பொருத்துவதுதான் வேண்டும் என்றாள். "மேடை மேல வைக்கிறது போதாதா? வேணும்னா இடம் மாத்திக்கலாமே" என்றேன். "அதுக்குத்தான்டி வேணாங்கறேன். வெளிய வெச்சா யாராவது எடுத்து வேற எங்கயாவது வெச்சிடுவாங்க. உள்ள பொருத்திட்டா யாரும் நகர்த்த முடியாது. அது என் இடம்" என்றாள். அவள் வாயிலிருந்து 'என்' என்ற சொல் வந்ததே எனக்கு அதிசயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். அத்தான் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நிமிர்ந்த நடை, கை வைத்தால் வெட்டும் போலக் காலர். அக்கா பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தாள். தொழிற்சாலையில் அவள் சூடாக்கிச் சாப்பிட்ட கிண்ணம். ஒவ்வொரு மைக்ரோவேவாகத் திறந்து, கிண்ணத்தை உள்ளே வைத்து, எடுத்து, மூடினாள். பதினாலு வருஷத்தில் இப்படிக் கவனமாகப் பார்த்து வாங்க வந்தவரை நான் பார்த்ததில்லை. ஒன்றில் கதவைத் திறக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். கட்டை விரல் வலிக்கிறது என்று தள்ளிவிட்டாள். இன்னொன்றில் கிண்ணம் சுற்றும்போது ஓரத்தில் இடித்தது.

அத்தானுக்குப் பிடித்தது முன்பக்கமாகக் கீழே விழுந்து திறக்கும் கதவு. "கார் டிக்கி மாதிரி இருக்கு பாரேன், கம்பீரமா!" என்றார். டிக்கி மேல் நோக்கித்தானே திறக்கும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அக்கா கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "திறந்து கிடக்கிற கதவுக்கு மேல கையை நீட்டி எடுக்கணும். எனக்கு இதுதான் வேணும்" என்று பக்கவாட்டில் திறக்கும் கைப்பிடி வைத்த ஒன்றைக் காட்டினாள். அத்தான் ஒரு கணம் அசந்துபோனார். பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரசீது எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

எந்த உயரத்தில் பொருத்துவது என்றும் அவளே சொன்னாள். "என் நெஞ்சுக்குக் கீழ இருக்கட்டும். தூக்கவே கூடாது, அப்படியே இழுத்து எடுக்கணும்." எங்கள் கடைப் படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. நான் அதை நிரப்பவில்லை. சொந்த அக்காவின் உயரத்தை எழுதி வைத்தா ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற திமிர்தான். 'வீட்டுக்காரரா, வாடகைக்காரரா' என்று ஒரு கேள்வியும் அதில் இருக்கிறது, சுவரில் துளை போடுவதற்காக. வீட்டுக்காரர் என்பதற்கு நேரே, அக்கா பேருக்குக் கீழே, என் கையால் டிக் அடித்தேன்.

எங்கள் கடைக்கு அலமாரி செய்து பொருத்துகிறவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப்பையில் எப்போதும் ரசமட்டம் வைத்திருப்பார். டீ கிளாஸ் வைத்தாலும் மேசை சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தொழிலில் சுத்தமான ஆள். பலகை அறுப்பதற்கு முன்னால் கேட்காமல் அறுக்க மாட்டார். அன்றைக்கும் கேட்டார். கடையில் ஒரே கூட்டம்; இரண்டு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு போனை எடுத்தேன்.

"மேடம், மூணாம் மாடி ஆர்டர். உயரம் எழுதாம விட்டிருக்கீங்க. வீட்டுக்காரர் உயரம் எவ்வளவு?"

"ஆறடிக்கு ஒரு இஞ்ச் கம்மி" என்றேன். யோசிக்கவேயில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வீட்டுக்காரர் என்றால் புருஷன். என் வீட்டுக்காரர், அவள் வீட்டுக்காரர், எதிர் வீட்டம்மாவின் வீட்டுக்காரர். வீடு யார் பேரில் இருந்தால் என்ன? அந்த மனுஷன் கேட்டது வீட்டின் சொந்தக்காரரை. படிவத்தில் இருந்ததும் அதுதான். டிக் அடித்தவளும் நான்தான்.

பொருத்திய அன்று அக்கா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டிலிருந்த அத்தான், "பிரமாதம்!" என்று சொல்லி ரசமட்டத்தை அனுப்பிவிட்டார். சாயங்காலம் நான் போனபோது அக்கா சமையலறையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மைக்ரோவேவின் அடித்தட்டே அவள் புருவத்துக்கு நேராக இருந்தது. கையில் அந்தக் கண்ணாடிக் கிண்ணம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்குக் கைக்கே எட்டவில்லை.

நடந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன். "நான்தான்க்கா. அவர் கேட்டதை நான் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டேன். நாளைக்கே கழட்டி இறக்கச் சொல்றேன்." அத்தான் ஹாலில் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "எதுக்குக் கழட்டணும்? இங்கேர்ந்தே அதுல டைம் தெரியுது. வர்றவங்க கண்ணுலயும் படும். ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டா ஆச்சு." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "இருக்கட்டும் விடுடி. பழகிடும்."

விட்டேன். அவளுக்காக விட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால், தப்பு என்னுடையது என்பதால் உரத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மாதம் அக்கா ஸ்டூலில் ஏறி இறங்கினாள். பொருத்திய அந்த மாதமே வேலையிலிருந்து நின்றுவிட்டதால் பகலெல்லாம் வீட்டில்தான். அத்தானுக்குப் பால் சூடாக்க ஒரு ஏறல், அத்தானுக்கு நேற்றைய மிச்சத்தைச் சூடாக்க ஒரு ஏறல். தனக்கென்று ஏறினாயா என்று கேட்டேன். "எப்பவாவது" என்றாள். அவள் எப்பவாவது என்றால் இல்லை என்று அர்த்தம்.

தனக்கென்று ஒரே ஒருநாள் ஏறியிருக்கிறாள். மழை பெய்துகொண்டிருந்த மதியம், அத்தான் தூங்குகிறார், சூடாகக் கொஞ்சம் சூப் குடிக்கலாம் என்று ஆசை. இறக்கும்போது வலது கை பாதியில் நின்றுவிட்டது. கிண்ணம் சாய்ந்து கழுத்திலும் இடது முன்கையிலும் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அத்தான், "பார்த்து எடுக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம்?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். அன்று பூரா அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு அவரைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். உலுக்கவில்லை. அக்கா என்னிடம் குனிந்து, "கிண்ணம் உடைஞ்சிடுச்சுடி" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மறுநாளே ரசமட்டத்தைப் பிடித்தேன். ஒரு வார்த்தையால் வந்த வினையைச் சொன்னதும் மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தம்மா உயரம் சொல்லுங்க மேடம்" என்றார். நாலடி பத்து என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். புதுத் தட்டு, மேலுக்கும் கீழுக்கும் புதுக் கதவு என்று நாலே நாளில் அறுத்துத் தயார் பண்ணிவிட்டார். அத்தான் காலை பத்து மணிக்கு நண்பர்களைப் பார்க்கப் போவார். வர ஒரு மணியாகும். அதற்குள் இறக்கி முடித்துவிடலாம், வந்து பார்க்கட்டும் என்று கணக்குப் போட்டேன். அக்காவிடம் போனில் சொன்னேன். "நெஞ்சுக்குக் கீழ வருமில்ல?" என்று கேட்டாள். "வரும்க்கா."

பத்தரைக்கு ரசமட்டத்தின் போன். கடைக்கு வெளியே போய் எடுத்தேன்.

"மேடம், பலகையோட திரும்பிட்டேன். வீட்டுக்காரர் இல்லையாம்."

"அவர் இல்லாதப்போதானே உங்களைப் போகச் சொன்னேன்?"

"நான் அவரைக் கேக்கல மேடம். யார் வீட்டுக்குப் போனாலும் பெல் அடிச்சதும் வீட்டுக்காரர் இருக்காங்களான்னுதான் கேப்பேன். வாய்ப் பழக்கம். அந்தம்மா, 'அவர் வெளிய போயிருக்கார், அவர் வந்ததும் வாங்க'ன்னுட்டாங்க. உங்களுக்காகத்தாம்மான்னு சொல்லிப் பாத்தேன். 'அவரைக் கேக்காம எப்படிங்க'ன்னு கதவைச் சாத்திட்டாங்க."

"கதவைத் திறந்தது யாரு?"

"அவங்கதான் மேடம். கையில கட்டோட."

அவளைத் திட்டுவதற்குத்தான் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது, திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்று. வீட்டுக்காரர் என்றதும் அவள் நினைத்த அதே ஆளைத்தான் அவளுக்கு முன்பே நானும் நினைத்திருந்தேன்.

அக்கா எடுத்தாள்.

"சாப்பிட்டியாடி?" என்றாள்.

"இனிமேதான். நீ?"

"இப்பதான் தட்டை எடுத்தேன். ஆறிப் போச்சு. பரவால்ல, எனக்கென்ன புதுசா?"