பெரிய பல்பும் பெண் பார்த்த நாளும்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் முதன்முதல் மின்சாரம் எடுத்தது எங்கள் வீடுதான். என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஐயா முன்விறாந்தைப் பல்பைக் கழற்றிவிட்டு, கடையிலேயே பெரிய பல்பாகப் பார்த்து வாங்கிவந்து பூட்டினார். "அந்த வெளிச்சத்தில பிள்ளை இரண்டு பங்கு வெள்ளையாத் தெரிவாள்" என்று கடைக்காரன் சொன்னானாம்.

எனக்கு நிறத்தைப் பற்றிக் கவலையில்லை. மாப்பிள்ளையை ரயில் ஸ்டேசனில் முன்பே பார்த்திருந்தேன். குடையை விரிக்க முடியாமல் மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றவர். இவரே சரிவரவேணும் என்று அம்மாவுக்கும் சொல்லாமல் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் பிடித்த மழை பொழுதுபட விட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து கதிரைகளில் இருந்தார்கள். ஐயா, சபையில் பேசப்போகிறவர் மாதிரித் தொண்டையைச் செருமிவிட்டுச் சுவிச்சைப் போட்டார். மாப்பிள்ளையின் தாயார் கண் கூசிக்கூசி என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்த நேரம் பார்த்து முதல் ஈசல் வந்தது.

அதுவரை ஈசல் மழை விட்டதும் மண்ணைவிட்டுக் கிளம்பும், கொஞ்சம் பறக்கும், தன் பாட்டில் இருட்டுக்குள் போய்விடும். இப்போது சுற்றுவட்டாரத்தில் பெரிய வெளிச்சம் எங்கள் வீட்டில். கடற்கரை ஈசல், பின்வளவு ஈசல் எல்லாம் வெற்றிலை வைத்து அழைத்த மாதிரி வந்து இறங்கின. அதுகளைத் தின்னப் பல்லி. பல்லியோடு போட்டிக்குத் தவளை. தேத்தண்ணிக்குள் சிறகு. மாப்பிள்ளை வடையைக் கடித்தார், கடித்த பிறகு பார்த்தார், பார்த்துவிட்டு மரியாதைக்காக விழுங்கினார்.

நான் சிரித்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் அம்மா, "அடியே, எல்லாத்தையும் கெடுத்துப்போடாதை!" என்று பல்லைக் கடித்தா. மாப்பிள்ளையின் தாயாரின் முகம் கல்லாக இறுகியிருந்தது. முடிஞ்சுது என் கதை என்று நினைத்தேன்.

ஐயா சுவிச்சை நிப்பாட்ட, ஈசல் குத்துவிளக்கில் பாய்ந்தது. ஐயா மதிலுக்கு ஓடிப் பக்கத்து வீட்டு முஸ்லிம் வியாபாரியைக் கூப்பிட்டார்.

"நானா! உங்கட பெற்றோமக்ஸை முற்றத்தில கொளுத்துங்கோ! பிள்ளையின்ர கலியாணம்!"

"கலியாணமா? இண்டைக்கா? சொல்லவே இல்லியே!"

"முதல்ல ஈசலை அங்கால கூப்பிடுங்கோ, பிறகு உங்களைக் கூப்பிடுறன்!"

அந்த நல்ல மனிசன் கொளுத்தினார். நாங்கள் குத்துவிளக்குத் திரியைத் தணித்தோம். ஈசல் படையாக மதில் தாண்டிப் போக, "யா அல்லாஹ், ஆணத்துக்குள்ள விழுதே!" என்று அவர் மனைவி கறிச்சட்டியைக் காக்கப் போராடும் சத்தம் கேட்டது.

எங்கள் விறாந்தையின் அரையிருட்டிலும் ஒரு சத்தம். மாப்பிள்ளையின் தாயார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தா. சட்டைக்குள் ஒன்று புகுந்து ஊர்ந்ததாம். சிரிப்பை அடக்கத்தான் அவ்வளவு நேரமும் முகத்தை இறுக்கிப் பிடித்திருந்தாவாம்.

"பிள்ளை, இஞ்ச வா, முதுகில தட்டிவிடு."

தட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டா.

"முகத்தை வடிவாப் பாக்கேல்லை. பரவாயில்லை. இந்த அமளிக்குள்ளயும் சிரிக்கிறாள். என்ர மகனோட சீவிக்க அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"அம்மா!" என்றார் மாப்பிள்ளை. அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதற் சொல் அதுதான்.

சிறகை ஊதி ஊதித் தள்ளிவிட்டு வெற்றிலைத் தட்டை மாற்றினார்கள். விடிய, விறாந்தையில் கிடந்த சிறகையெல்லாம் நான்தான் கூட்டி அள்ளினேன். பாவம், சோடி தேடிப் பறந்த சீவன்கள்; எங்கள் பல்பு அதுகளின் கலியாணத்தைக் குழப்பிப்போட்டுது. என்னுடையதைப் பகலில் வைக்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன்.