அறுந்து போக வேண்டிய நூல்

பட்டாளத்தில் எனக்குக் கிடைத்தது பாராசூட் மடிக்கிற வேலை. முதல் லீவில் ஊருக்கு வந்தபோது, "வானத்துலேர்ந்து குதிக்கிறவங்களுக்குக் குடை மடிச்சுக் குடுக்கேன்" என்று கோவில்பட்டியில் நாலு பேரிடம் சொன்னேன். வானம் காற்றோடு போய்விட்டது. குடை மட்டும் ஊரில் தங்கிவிட்டது. மறுநாள் காலையில் மூன்று பேர் கம்பி ஒடிந்த குடைகளோடு வாசலில் நின்றார்கள். ஒன்றைச் சரிபண்ணிக்கூடக் கொடுத்தேன். எங்கள் ஊர் மழைக்கு அது போதும்.

குதிக்கிற வேலைக்கு என்னை எடுக்காததில் எனக்கு வருத்தமே இல்லை. ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தை நட்டநடுவில் நடந்து, கண்ணை நேரே வைத்துக் கடக்கிற ஆள் நான். வடக்கே எங்கள் பயிற்சி முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. மடிக்கிறவனை எந்த நாளிலும் கூப்பிட்டு, அவன் மடித்து வைத்ததில் ஒன்றை எடுத்து, "மாட்டிக்கொண்டு குதி" என்பார்கள். கவனமாக மடிக்க வைப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அந்தப் பட்டியலில் என் பெயர் வரும்போதெல்லாம் எனக்குப் பல்வலி வந்தது. முகாம் டாக்டர் கணக்குப்படி எனக்கு நாற்பது பல்லாவது இருந்திருக்க வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு லீவில் நான் வந்திருந்த சமயம், என் அத்தை மகனும் லீவில் வந்திருந்தான். அவன் சிப்பாய். பாராசூட் படைக்கு ஆள் எடுக்கிறார்கள், லீவு முடிந்து போனதும் பெயர் கொடுக்க வேண்டும். ஆனால் அம்மா சரியென்று சொல்லாமல் கொடுக்க மாட்டேன் என்று அவன் தீர்மானம் பண்ணியிருந்தான். அத்தைக்கு அவன் ஒரே பிள்ளை. மாமா போனபிறகு நூல் மில்லில் வேலை பார்த்து அவனை ஆளாக்கியவள். ஓடுகிற நூல் அறுந்தால் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்து முடிச்சுப் போடுவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

மில் வாரலீவு அன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"மருமவனே, நீ மடிக்கிற குடை விரியுமாலே?"

"விரியும் அத்தே."

"விரியலேன்னா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "விரியலேன்னு இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல அத்தே" என்று முகாம் பாணியில் ஒரு பகடி விட்டேன். அத்தை சிரிக்கவில்லை. அவள் மகன் என் காலை ஓங்கி மிதித்தான்.

"எம்மா, அத்தான் கோட்டி மாரி பேசுதாவ. அத்தான், ஒழுங்கா செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டுவதற்கு உயரம் வேண்டும். மெயின் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். அவர் கடைக்கு இரண்டு மாடி. மூன்று பேரும் போய் நின்றோம். விஷயத்தைக் கேட்டதும் பாய்க்கு ஒரே உற்சாகம். பெரிய கைக்குட்டை ஒன்றும், ஒரு துண்டுத் துணியும் எடுத்துப் போட்டார்.

"குதிக்கப் போறது யாரு தம்பி?"

"கடலை மிட்டாய் பொட்டலம், பாய்."

"அப்ப நான் கீழ நிக்கேன். உசுரோட வந்தாலும் சரி, செத்து வந்தாலும் சரி, எனக்குத்தான்."

மொட்டை மாடிக்கு நான் சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். அத்தை இதைப் பார்த்தாள். பார்த்து வைத்துக்கொண்டாள்.

கைக்குட்டையின் நாலு முனையிலும் நூல் கட்டி, நூல்களின் அடியில் மிட்டாய்ப் பொட்டலத்தைக் கட்டினேன். கைக்குட்டையை மடித்து, துண்டுத் துணியில் தைத்த சின்னப் பைக்குள் வைத்தேன். பையின் வாயை மெல்லிய ஒற்றை நூலால் கட்டினேன். பையின் மறுமுனையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனி கைப்பிடிச் சுவர்க் கம்பியில். விமானத்திலும் இப்படித்தான். ஆள் குதித்ததும் விமானத்தில் மாட்டிய பட்டை பையை இழுத்துப் பிடிக்கும். ஆளின் பாரத்தில் வாய்நூல் அறும், குடை வெளியே வந்து விரியும், பை மேலேயே நின்றுவிடும். குதிக்கிறவன் ஒன்றையும் இழுக்க வேண்டாம், பயந்து மறந்துபோனாலும் குடை மறக்காது.

பொட்டலத்தைத் தள்ளிவிட்டேன். பட்டென்று நூல் அறுந்து, கைக்குட்டை விரிந்து, அழகாக ஆடி ஆடி எதிர்ச்சாரிக்குப் போனது. கீழே பாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா அத்தே!"

"நீ மடிச்சே, விரிஞ்சுது. நீ லீவுல கெடக்கும்போது வேற எவனாவது மடிச்சா? இங்கன குடு. நான் மடிக்கேன்."

நல்லதுதான், எளிதென்று தெரிந்துகொள்ளட்டும் என்று, பாய் பொறுக்கி மேலே அனுப்பிய கைக்குட்டையில் இன்னொரு பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தேன். அத்தை நான் மடித்ததைவிட அழகாக மடித்தாள். பையில் வைத்தாள். வாயைக் கட்ட நான் கொடுத்த நூலை விரலில் சுற்றி ஒரு சுண்டு சுண்டினாள். அறுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைத் தூர எறிந்தாள். தன் சுருக்குப்பையிலிருந்து மில் நூலை எடுத்து, நாலு இழையாக முறுக்கி, பை வாயை இறுக்கி, பதினெட்டு வருஷ அனுபவத்தை ஒரு முடிச்சில் போட்டாள். இதையெல்லாம் நான் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நேரம் நான் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தெரிந்த தெருவைக் கவனிக்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பொட்டலம் இறங்கியது. கயிறு விறைத்தது. பை திறக்கவில்லை. பொட்டலம் அந்தரத்தில் தொங்கி, காற்றில் ஆடி, சுவரில் மடார் மடார் என்று மோதியது.

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாலே! எம்முடிச்சு விட்டுதா? கீழ விழல பாரு!"

கீழேயிருந்து பாய் கத்தினார். "தங்கச்சி, எம் மிட்டாய் எங்க?"

அத்தை மகன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என் தொழிலில் எனக்குப் பகடி வராத இடம் அது ஒன்றுதான். அத்தை எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னலே?"

"எம்மா, இந்த மாடி ஒரு எடத்துல நிக்கி. விமானம் நிக்காதுல்லா" என்றான் அவள் மகன். "அது போய்க்கிட்டே இருக்கும். நான் அதுக்குப் பின்னால இப்படித்தான் தொங்கிக்கிட்டுப் போவேன்."

சுவரில் இன்னொரு மடார். அத்தை எட்டி அந்தக் கயிற்றைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி மேலே இழுத்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மிட்டாய் தூள்தூளாகியிருந்தது.

"அந்த நூலு அறுந்து போறதுக்குன்னே உள்ள நூலா?"

"ஆமா அத்தே."

"நான் பத்திரமா இருக்கட்டும்னுல்லா கட்டுனேன்."

எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். அந்த நூலை முகாமில் சும்மா எடுத்துக் கட்டிவிட முடியாது. ஒவ்வொரு நூல்கண்டிலிருந்தும் துண்டு வெட்டி, எடை தொங்கவிட்டு, எந்தப் பாரத்தில் அறுகிறது என்று பார்ப்பார்கள். அதற்கு முந்தி அறுந்தாலும் அந்தக் கண்டு கழிவு, பிந்தி அறுந்தாலும் கழிவு. நான் ஒவ்வொரு மடிப்பு முடிந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொரு ஆள் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்த மடிப்பு. கடைசியில் அட்டையில் இரண்டு பேரும் கையெழுத்து.

"முன்னாடியே இதெல்லாம் உண்டா?"

"இல்ல அத்தே. பழைய ஆளுங்க சொல்லுவாங்க. அப்பம்லாம் துணியே பருத்தித் துணி. ஈரம் பட்டா ஒட்டிக்கிடும், பூஞ்சை புடிக்கும். இப்ப நைலான். ஒட்டாது. அப்பம் ஆளுக்கு ஒரே குடை. இந்தப் பொட்டலம் மாரி தொங்கிட்டா, மேல இழுத்துப் போடப் பாப்பாங்க. முடிஞ்சா உண்டு, முடியலேன்னா இல்ல. இப்ப நெஞ்சுல ரெண்டாவது குடை இருக்கு. தொங்குதவன் நெனப்போட இருந்தா ரெண்டு கையையும் தலையில இருக்குற தொப்பி மேல வச்சுக் காட்டணும். மேல உள்ளவன் பாத்துட்டுப் பட்டைய அறுத்து விடுவான். இவன் ரெண்டாவத இழுத்துக்கிட்டு எறங்கிருவான்."

அத்தை மடியிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒண்ணொண்ணும் ஒருத்தன் போனபொறவுதான் வந்திருக்கும்" என்றாள்.

அதை நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆனா வந்திருக்கு, அத்தே. அதுக்கப்புறம் உள்ளவன் வீட்டுக்குத் திரும்பியிருக்கான்."

அவள் எழுந்து, நான் பை வாயைக் கட்டிய நூலின் கண்டைக் கேட்டு வாங்கினாள். ஒரு துண்டு எடுத்துச் சுண்டினாள். இன்னொரு துண்டு. ஏழெட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றும் எப்போது அறுகிறது என்று விரலால் கேட்பதுபோல் இருந்தது. "ஒரே மாரிதான் அறுது" என்று முணுமுணுத்தாள். அவள் வாயிலிருந்து நூலுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு அது. எனக்கு அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

அன்றைக்கு எனக்குக் கிடைத்தது வேறு.

"ஏலே மருமவனே, நீ குதிச்சிருக்கியா?"

பல்வலிக் கதையைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மாடிப்படியில் நான் சுவரைக் கட்டிப்பிடித்து ஏறியதை அவள் பார்த்திருந்தாளே.

"அப்பம் நீ மடிச்சத நீ மாட்டிக் குதி. குதிச்சுட்டு எழுது. அதுவரைக்கும் இவன் பேரு குடுக்க மாட்டான்."

அத்தை மகன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பெயர் கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

முகாமுக்குத் திரும்பி, நானாகவே போய்ப் பெயர் கொடுத்தேன். டாக்டர் பல்லைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். நாலு நாள் தரைப் பயிற்சியில், எப்படி விழ வேண்டும் என்று மேடையிலிருந்து குதிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மேடை என் இடுப்பு உயரம். அதற்கே நான் கண்ணை மூடினேன்.

ஐந்தாம் நாள் விமானத்தின் கதவருகே நின்றபோது, நான் குதித்தேன் என்று சொன்னால் அது பெருமை பேசுவதாகும். எனக்குப் பின்னால் நின்றவர் அவசரப்பட்டார் என்பதுதான் உண்மை. ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றிலேயே நின்றுவிட்டேன். தலைக்கு மேல் ஓர் உதறல். நிமிர்ந்து பார்த்தால், நான் எத்தனையோ முறை மடித்த துணி, ஒரு மடிப்புக்கூட மிச்சமில்லாமல், வட்டமாக நின்றது. மடித்து வைத்த நிலையில் மட்டுமே அதை எனக்குத் தெரியும். விரிந்தால் இத்தனை பெரிதா? அந்த நேரத்தில் உயரம் மறந்துபோனது. தரை வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஒரு வேலிமரப் புதரில் இறங்கினேன். முள் எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அன்றைக்கே கார்டு போட்டேன். "விரிந்தது. உடம்பில் முள் தவிர வேறு சேதமில்லை."

பதில் பாய் கையெழுத்தில் வந்தது. அத்தை சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். மகனுக்குச் சரியென்று எழுதிப் போட்டாயிற்று என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அத்தைக்குத் தெரியாமல் பாய் சொந்தமாக ஒரு வரி: தங்கச்சி ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இன்றைக்குச் சாப்பிட்டாள்.

அவன் குதித்தான். முதல் வருஷம் அவன் ஒவ்வொரு முறை குதித்த பிறகும் அத்தைக்கு ஒரு கார்டு போட வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டாம் வருஷம் மாதத்துக்கு ஒன்றானது. அதற்கப்புறம் அவன் எழுத மறந்தான், அவளும் கேட்க மறந்தாள். எங்கள் தொழிலில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு லீவில் வந்தபோது அத்தையைப் பார்க்கப் போனேன். புதுமாதிரிக் குடை ஒன்று வந்திருப்பதைச் சொன்னேன். பின்பக்கம் துணியில் வாய் விட்டிருப்பார்கள், காற்று அது வழியே வெளியேறித் தள்ளும், இரண்டு கயிற்றைப் பிடித்து இழுத்தால் வலமும் இடமும் திரும்பலாம், மரம் மட்டை கிணறு எதுவந்தாலும் விலகி இறங்கலாம் என்று கைகளை விரித்து விளக்கினேன்.

அத்தை மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தூக்குவாளியைக் கையில் எடுத்தபடியே கேட்டாள்.

"நெனச்ச பக்கம் திரும்புமா?"

"திரும்பும் அத்தே."

"அப்ப அடுத்த லீவுக்கு அவன நேரா வீட்டு முன்னால எறங்கச் சொல்லு. ரயிலு எப்பம் வரும்னு ஸ்டேஷன்ல போயி என்னால காத்துக் கெடக்க முடியல."

சொல்லிவிட்டு, சங்கு ஊதுமுன் போய்ச் சேர வேண்டுமென்று வேகமாக நடந்தாள்.