தரை சுடுகிறது என்றாள்

1977 கோடை. வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்போது குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இரண்டு முழச் சந்து. அதன் நடுவில் ஒரு பூவரசின் அடிக்கட்டை. மரத்தை வாங்கியவர் இரண்டு வருடம் முன்பே வெட்டிக்கொண்டு போய்விட்டார். கட்டையை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

அந்த இடத்தில் கீற்றுத் தடுப்பு வைத்து, பெண்கள் குளிக்க ஒரு மறைவு கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கட்டையைப் பெயர்க்க இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தேன். சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். “கோடாலி ஓங்க எடம் எங்கம்மா கீது? ஓங்கினா உங்க செவுரும் பூடும், அவுங்க செவுரும் பூடும்” என்று கிளம்பிவிட்டார்கள்.

என் கணவர் விடிவதற்குள் சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயில் பிடித்துப் பட்டணத்து வேலைக்குப் போகிறவர். அவரிடம் சொன்னால் “ஞாயித்துக்கெழம பாக்கலாம்” என்பார். அந்த ஞாயிறு வரவே வராது. நானே உளியால் கட்டையின் நடுவில் குழி தோண்டினேன். அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை எடுத்துப் போட்டு, மேலே உமியைக் கொட்டி மூடிவிட்டேன். இப்படி மூடி வைத்தால் தழல் எழாது. உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனிந்து கட்டை சாம்பலாகிவிடும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். “அதுக்கின்னா, கொளுத்து” என்றுவிட்டார். அவருடைய மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். அவர் கவலையெல்லாம் அவள் மேல்தான்.

நான்காம் நாள் அந்தப் பெண், “தரை சுடுதும்மா” என்றாள்.

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு, அதுவும் சித்திரை வெயிலில், உடம்பு சுடாமல் என்ன செய்யும்? மறுநாள் பாயை வேறு மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். “தலை கிர்ருனு சுத்துதுக்கா” என்று என்னிடம் சொன்னாள். புகை நாற்றம் அடிக்கிறது என்றாள். சந்தில் கட்டை எரிகிறதே, நாற்றம் வராதா என்றேன். வெந்தயம் ஊறவைத்து மோரில் கரைத்துக் கொண்டுபோய் அவளைக் குடிக்க வைத்தேன். எவ்வளவு நல்ல மனது எனக்கு என்று அப்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம், கட்டை அணைந்துவிட்டதா என்று பார்க்கச் சந்துக்குப் போனேன். மேலே வெறும் சாம்பல். அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டிலிருந்து அவள் குரல். அழுதுகொண்டே கத்தினாள். ஓடிப் போனேன்.

“யாருமே நம்பலல்ல? இத பாருங்க!” என்று கையிலிருந்த சொம்புத் தண்ணீரைச் சுவரோரம் இருந்த எலி வளையில் ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி மேலே வந்தது.

குனிந்து தரையில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். என் நெருப்பு கட்டையோடு நிற்கவில்லை. காய்ந்து கிடந்த வேரைப் பிடித்துக்கொண்டு, சுவருக்கு அடியில் புகுந்து, அவள் படுத்திருந்த இடத்துக்கே போயிருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாச்சியைச் சுட்டது.

அவளை வெளியே கொண்டுவந்து எங்கள் வீட்டில் படுக்க வைத்தோம். அவள் அப்பா கடப்பாரையால் தரையைப் பெயர்த்தார். கை மொத்தத்துக்கு வேர், செக்கச்செவேலென்று கிடந்தது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் கூரையைத் தாங்கும் மூங்கில் கால். நானும் அக்காவும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். அடைத்த அறையில் அப்படிப்பட்ட புகை ஆளையே சாய்த்துவிடும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. தலை சுற்றுகிறது என்றாளே, பாவி நான் மோர் கொடுத்தேனே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, “பெத்தவ நானே நம்பலியேடி” என்று தேம்பினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும், “நீ இன்னா பண்ணுவ? கொளுத்துன்னு சொன்னவ நாந்தானே” என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

தரைதான் பெயர்ந்துவிட்டதே என்று, மறுநாள் அவள் அப்பா தம் வீட்டுக்குள்ளிருந்தே சுவருக்கு அடியில் வேரை வெட்டினார். எங்கள் பக்கத்து வேர்களை நான் தோண்டி அறுத்தேன். யாராலும் ஆகாது என்ற கட்டையில் எரிந்தது போக மிஞ்சியது, கயிறு போட்டு இழுத்ததும் வந்துவிட்டது. அந்த வீட்டுத் தரையை நானே மண் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, சாணம் மெழுகிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வாலாஜாபாத் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இன்றைக்கும் யாராவது ஒரு பெண் இங்கே வலிக்கிறது, அங்கே சுடுகிறது என்றால், வைத்தியம் சொல்லத் துடிக்கிற என் வாயை அடக்கிக்கொண்டு முதலில் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். அவளுக்கு மோர் கரைக்க எனக்கு நேரம் இருந்தது, ஒரு தடவை குனிந்து அந்தத் தரையில் கை வைக்க மட்டும் தோன்றவில்லையே என்பதை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.