ஆறாம் அறையும் பதினேழாம் எண்ணும்

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. இருபத்தொரு வயதில் அந்தக் குழாய்க் கிடங்கில் தட்டச்சராகச் சேர்ந்து, ஒன்பது ஆண்டு நான்கு மாதம் பொருள் பட்டியல் அடித்தார். பிறகு பயிற்சிப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு என்ன தகுதி வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை; ஆகவே கையெழுத்து நன்றாக இருந்தவரைப் போட்டார்கள். அன்று முதல் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆறாம் அறையும் அதன் இருபத்திரண்டு நாற்காலிகளும் அவர் பொறுப்பு.

நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். முதலில் வருகிறவர்கள் அதை விட்டுவிட்டு உட்காருவார்கள். கடைசியில் வருகிறவர் ஒரு மணி நேரம் தராசுத் தட்டு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி பத்தாம் தேதி புது மேலாளர் வந்தார். பன்னிரண்டாம் தேதி ஆறாம் அறைக்கு வந்து, தற்செயலாக அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“வருஷம் பூரா இங்க பயிற்சி நடக்குது. அதனால கம்பெனிக்கு என்ன பிரயோஜனம்?”

“நல்லா கத்துக்கிறாங்க சார்.”

“நல்லான்னா எத்தனை?”

டீச்சரிடம் வருகைப் பதிவேடுகள் இருபத்தைந்து இருந்தன. எந்த நாளில் யார் வந்தார்கள் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வந்ததால் என்ன ஆயிற்று என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

“ஏப்ரல் முடியறதுக்குள்ள எண்ணா காட்டுங்க. இல்லேன்னா இந்த ரூமை அட்டைப் பெட்டி அடுக்க எடுத்துக்கறோம். உங்களுக்கு வாசல்ல சீட்டு எழுதற வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு மேலாளர் ஒருமுறை ஆடி எழுந்தார்.

வாசலில் இருப்பது தகரக் கூரையும் முதுகில்லாத ஸ்டூலும். டீச்சர் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு நான்கு மாதம் இருந்தது. அத்தனை நாளும் அந்த ஸ்டூலில் என்று நினைத்ததுமே அவருக்கு இடுப்பு வலித்தது.

மார்ச் முதல் தேதி தலைமை அலுவலகம் இருபத்திரண்டு டேப்லெட்டுகளை அனுப்பியது. கடைகளின் ஆர்டர்படி பெட்டி கட்டுகிறவர்கள் இருபத்திரண்டு பேருக்கும் ஐந்து பாடங்கள், முடிவில் இருபத்தைந்து கேள்விகள். இருபது சரியாக இருந்தால் பெயருக்கு எதிரே பச்சை வட்டம். குறைந்தால் சிவப்பு வட்டம். முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பச்சை விழும்வரை கட்டும் மேஜைக்குத் திரும்பக் கூடாது. கடைகள் திருப்பி அனுப்பும் பெட்டிகளையும் மென்பொருளே எண்ணி, சுவரிலிருந்த திரையில் கோடாக வரைந்துவிடும்.

இருபத்தொரு பேர் இரண்டே நாளில் பச்சையானார்கள். மிஞ்சியவர் பதினேழாம் எண். முப்பத்தொரு வருட சர்வீஸ். காவல்காரர் முதல் கணக்காளர் வரை எல்லோருக்கும் அவர் சித்தப்பா. அவருக்குப் பத்தொன்பது வந்தது. மறுநாளும் பத்தொன்பது. அதற்கடுத்த நாளும் பத்தொன்பது.

டீச்சர் விடைகளை எடுத்துப் பார்த்தார். தவறான ஆறும் ஒரே மாதிரிக் கேள்விகள். ஆர்டரில் எழுதியிருப்பது பிழை என்று உங்களுக்குத் தோன்றினால் என்ன செய்வீர்கள்? சரியான விடை, ‘எழுதியபடியே கட்டுவேன்.’ சித்தப்பா ஆறிலும் ‘யோசித்து மாற்றிக் கட்டுவேன்’ என்றே தொட்டிருந்தார்.

“சித்தப்பா, ஏழாவது கேள்வியில மட்டும் எழுதினபடியே கட்டுவேன்னு தொட்டுடுங்களேன். இருபது வந்துடும்.”

“நான் கட்ட மாட்டேனே டீச்சர். பத்து வருஷமா பித்தளைக் குழாய் வாங்கற கடை, திடீர்னு பிளாஸ்டிக்னு எழுதியிருக்கான். கை தவறியிருக்கும். தெரிஞ்சும் அப்படியே அனுப்பறதா?”

“சும்மா தொடுங்க. யார் பார்க்கப் போறா?”

“பரீட்சையில பொய் சொல்லச் சொல்றீங்க. அதுவும் நீங்க, டீச்சர்!”

சித்தப்பா மார்ச் மாதத்தின் இருபத்து மூன்று வேலை நாட்களில் இருபத்திரண்டு நாள் ஆறாம் அறையிலேயே இருந்தார். ஒரு நாள் மட்டும் ஆள் குறைந்ததால் மேஜைக்குக் கூட்டிப் போனார்கள். மற்றபடி குளிர்ந்த அறை, காதில் மாட்டும் கருவி, பாடம் சொல்லும் பெண் குரல். அந்தப் பெண் “மிக நன்று” என்னும்போதெல்லாம் திரும்ப “நன்றிம்மா” என்பார். பாடத்தைத் தள்ளிவிட்டுப் போவதே இல்லை. பேசிக்கொண்டிருப்பவரை விட்டு எழுந்து போவது மரியாதை இல்லையாம். இடையில் ஆடும் நாற்காலியின் காலுக்கு முக்கால் அங்குல ரப்பர் வாஷர் ஒன்றைச் செருகி, ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பயிற்சியால் கண்ணெதிரே விளைந்த பலன் அன்றுவரை அது ஒன்றுதான்.

ஏப்ரல் பத்தாம் தேதி திரையில் மார்ச் கணக்கு வந்தது. பிப்ரவரியில் திரும்பி வந்தவை நாற்பத்தொன்று, மார்ச்சில் ஒன்பது. பச்சையானவர்களின் கோடு ஏற, பெட்டிக் கோடு கிணற்றில் போட்ட கல்லாக இறங்கியிருந்தது. மேலாளர் அதைச் செல்பேசியில் படமெடுத்தார். தலைமை அலுவலகத்தோடு பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, கூட்டம். இதே பாடத்தைக் கம்பெனியின் ஆறு கிடங்குகளுக்கும் கொண்டுபோவது, ஆறுக்கும் டீச்சரே பொறுப்பு என்பது மேலாளரின் திட்டம்.

டீச்சரின் கணவர் குடிநீர் மீட்டர்களில் எண் எடுக்கிறவர். சாப்பிட உட்கார்ந்ததும் டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

“சந்தோஷம். பெட்டி குறைஞ்சது உன்னாலதானே?”

“பின்ன யாரால? சுவத்துல படமே போட்டிருக்கு.”

“கோவிச்சுக்காதேம்மா. குழாயில வெறும் காத்து வந்தாலும் மீட்டர் சுத்தும். நானும் எழுதிட்டு வந்துடுவேன். தண்ணி வந்துச்சான்னு வாளியைப் பார்த்தாதான் தெரியும்.”

“உங்களுக்கு எதை எடுத்தாலும் மீட்டர். மோரை ஊத்திக்கோங்க.”

மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கே டீச்சர் கிடங்கின் பின்கட்டுக்குப் போய் வாளியைப் பார்த்தார். அதாவது, திரும்பி வந்த பெட்டிகளின் சீட்டுகளை. ஒவ்வொன்றிலும் கட்டியவரின் எண் உண்டு. பிப்ரவரியின் நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்று பதினேழாம் எண். மற்ற அத்தனை பேரும் சேர்ந்து எட்டு. மார்ச்சின் ஒன்பதில் ஒன்று பதினேழாம் எண், அந்த ஒரு நாள் கட்டியது. மற்றவர்கள் எட்டு.

மூன்று முறை எண்ணினார். எட்டு எட்டாகவே இருந்தது.

நான்கு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சும்மா இருந்தால் ஆறு கிடங்கு. வாயைத் திறந்தால் ஸ்டூல். ஆனால் ஆறாம் அறைக்குள் நுழையும்போதெல்லாம் சித்தப்பா பத்தொன்பதோடு உட்கார்ந்திருந்தார். ஒரு விடை மாற்றினால் விடுதலை, மனிதர் மாற்றவில்லை. டீச்சருக்கு அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில் முப்பத்து மூன்று கடைகளுக்கும் தொலைபேசியில் பேசி ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பதினெட்டாம் தேதி, பதினொன்று இருபதுக்கு, மேலாளர் முன் போய் நின்றார்.

“பெட்டி குறைஞ்சது பாடத்தால இல்ல சார். சித்தப்பா இங்க உட்கார்ந்திருந்ததால.”

மேலாளர் சீட்டுகளைப் புரட்டினார். “மத்த இருபத்தொரு பேர்?”

“முன்னயும் எட்டு, இப்பவும் எட்டு.”

“ஒண்ணுகூடவா குறையல?”

“கூடவும் இல்ல சார்.”

இது ஆறுதலாகச் சொன்னது. மேலாளர் அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

“காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைம்பாங்க” என்றார் டீச்சர். “இதுல காக்கா உட்காரக்கூட இல்ல. எழுந்து போயிருக்கு.”

“அவரை வீட்டுக்கு அனுப்பிட்டா பிரச்சினை தீர்ந்துச்சு, இல்ல?”

டீச்சர் இதற்காகத்தான் அந்தத் தாளைக் கொண்டுவந்திருந்தார். “முப்பத்து மூணு கடைக்கும் பேசினேன் சார். இருபதுல சித்தப்பா பண்ணது தப்பு. பதிமூணுல ஆர்டரே தப்பு, அவர் அனுப்பினதுதான் சரி. பில்லு ஒத்துப்போகலேன்னு திருப்பிட்டாங்களாம். மாத்தறதுக்கு முன்னால அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒண்ணும் திரும்பியிருக்காது.”

“ஏன் கேட்கல?”

“கட்டற மேஜையில போன் கிடையாது சார்.”

மேலாளர் தாளில் பதிமூன்றைச் சுற்றி வட்டம் போட்டார். “ஆறாம் அறையில போன் இருக்கா?”

“இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா இருக்கு. யாரும் பண்றதில்ல.”

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் உள்ளதை உள்ளபடி சொன்னார். தலைமை அலுவலகம் யோசித்து, ஆறு கிடங்குகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது: ஒவ்வொரு கிடங்கும் தன்னுடைய பதினேழாம் எண் யார் என்று தெரிவிக்கவும். இரண்டு கிடங்குகள் விஷயம் புரியாமல், உண்மையிலேயே பதினேழாம் எண்காரரின் பெயரை எழுதி அனுப்பின. டீச்சருக்கு ஆறு கிடங்கு வரவில்லை. ஸ்டூலும் வரவில்லை, தொலைபேசி ஆறாம் அறையில் இருந்ததால் அட்டைப் பெட்டிகளுக்கு வேறு இடம் பார்த்தார்கள்.

இப்போது கட்டுவதற்கு முன் ஆர்டர்கள் சித்தப்பாவின் கண்ணில் பட்டுவிட்டுத்தான் போகும். சந்தேகம் வந்தால், வாஷர் செருகிய நாற்காலியில் உட்கார்ந்து கடைக்காரருக்குப் போன் செய்வார். “என்னப்பா, பிளாஸ்டிக்குக்கு மாறிட்டியா?” மே மாதத்தில் ஐம்பத்திரண்டு அழைப்புகள், ஆர்டரில் பிடிபட்ட பிழைகள் இருபத்தொன்று. திரும்பி வந்த பெட்டிகள் எட்டு. டீச்சர் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறார். மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லை.

மென்பொருளைப் பொறுத்தவரை பதினேழாம் எண் இன்னும் சிவப்பு, எழுபத்தாறு விழுக்காடு. திங்கட்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு டீச்சருக்கு நினைவூட்டல் வரும்: இவர் பயிற்சியை ஏன் முடிக்கவில்லை? டீச்சர் காரணக் கட்டத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரே பதிலைத்தான் அடிக்கிறார்.

“வேலையாக இருக்கிறார்.”