ஒருசந்தி இருந்த வீட்டில் கோழி

தவக்காலத்தில் கோழி பொரிக்கிற தாயை எங்கள் பங்குக் கோயிலில் யாரும் மெச்ச மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு யாருடைய மெச்சலும் தேவைப்படவில்லை. என் மகள் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்குப் பதினைந்து வயது. இங்கே இத்தாலியில், பலெர்மோவிலேயே பிறந்தவள். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்தாள். முதலில் சோறு வேண்டாம் என்றாள், பிறகு பாண், பிறகு பாஸ்தா. பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்பாள். தலையிடி என்று படுத்துவிடுவாள். நான் திட்டினேன், கெஞ்சினேன், திரும்பவும் திட்டினேன். குடும்ப வைத்தியர்தான் இது பிள்ளையின் பிடிவாதம் இல்லை, வருத்தம், ஒரு நோய் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கும் ஒரு வைத்தியரைப் பார்க்க எழுதித் தந்தார். எங்கள் முறை வருவதற்காகக் காத்திருந்தோம். காத்திருக்கிற வீட்டில் இரவுக்கு என்ன சமைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மகளின் கன்னத்தைத் தடவினாள். "பிள்ளை மெலிஞ்சு நல்ல வடிவா வந்திட்டுது" என்றாள். கோயில் வாசல் என்றும் பாராமல் அவளை நாலு கேள்வி கேட்டிருப்பேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பிடியில் எலும்புதான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் முடிந்துபோயின. அதனால் நேர்த்தி வைத்தேன். பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். அங்கே குகைக் கோயிலில் இருக்கும் புனிதத் தாயின் முன் முழங்காலில் நின்று, என் பிள்ளை வயிறாரச் சாப்பிடும்வரை நான் ஒருசந்தி இருப்பேன், இறைச்சி தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருசந்தி என்றால் நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. மத்தியானம் வேலை செய்யும் வீட்டிலேயே அதை முடித்துவிடுவேன். கணவருக்குப் பின்னேரங்களில் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை. ஆகவே இரவு மேசையில் நானும் மகளும்தான். அவளுக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு, எதிரில் ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணியோடு நான் இருப்பேன்.

சாப்பிடாத பிள்ளை நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறாள், அது என்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "இது எண்டால் சாப்பிடுவன் போலை கிடக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, போனிடம் சொன்னாள். எட்டிப் பார்த்தேன். ஓர் அமெரிக்கப் பெண் கோழி நெஞ்சிறைச்சியைத் தட்டையாக்கி, பாண் தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளிச் சோஸும் சீஸும் போட்டு ஓவனில் வைத்தாள். சிக்கன் பார்மிஜானாவாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாள் என்று பயம்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. கால்சாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவிடம் காலையில் இதைப் பற்றிக் கேட்டேன். "பார்மிஜானா என்றால் கத்தரிக்காய். அதில் கோழியைப் போடுவது அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்களின் வேலை" என்று முகத்தைச் சுளித்தார். பாண் தூளில் புரட்டும்போது முட்டை சேர்க்கவும் கூடாதாம். பலெர்மோவில் இறைச்சியில் எண்ணெய் தடவித் தூளை ஒட்டுவார்கள், முட்டை மிலானோக்காரரின் பழக்கம் என்றார். என் மகள் சாப்பிடுவாள் என்றால் சந்திரனில் இருப்பவர்களின் பழக்கத்தையும் நான் செய்யத் தயாராக இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அங்கிருந்து ஓடினேன்.

வுச்சீரியாச் சந்தையில் இப்போது இறைச்சிக் கடையைவிடக் குடிக்கிற கடைதான் அதிகம். அலைந்து திரிந்து கோழி வாங்கிக்கொண்டு, வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தேன். வந்த வேகத்தில் கை தன் பாட்டுக்கு உப்பும் மஞ்சளும் போட்டுக் கோழியைக் கழுவிவிட்டது. இறைச்சி பளிச்சென்று மஞ்சளாக நின்றது. என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கழுவினேன். போகவில்லை. இதைச் சாட்டாக வைத்து அவள் தட்டைத் தள்ளிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்க, அழுகை வந்தது. எண்ணெய்ப் போத்தலின் அடியால் இறைச்சியைத் தட்டினேன். தட்டினேன் என்பதைவிட அடித்தேன் என்பது சரி. இத்தனை வாரக் கோபமும் அந்தக் கோழிக்குத்தான் விழுந்தது.

முட்டையில் தோய்த்துத் தூளில் புரட்டுவது எனக்குப் புதிதில்லை. எத்தனை பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை எடுத்த விருந்துக்குக் கட்லட் போட்ட கை. பொரிகிற வாசம் எழும்பியதும் என் வயிறு கத்தத் தொடங்கியது. வாய் ஊறியது. வெட்கமாக இருந்தது.

மகள் மேசைக்கு வந்து இருந்தாள். சீஸ் உருகி, ஓரம் கருகாமல் நன்றாகத்தான் வந்திருந்தது. அவள் முகர்ந்து பார்த்தாள். கத்தியால் வெட்டி உள்ளே பார்த்தாள்.

"மஞ்சள் போட்டனீங்களோ?"

"ஓம். கை மறந்து போட்டுட்டன். மணக்குதே?"

"பரவாயில்லை."

பிறகு அதைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை இன்னொரு தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "நீங்களும் சாப்பிடுங்கோ."

"எனக்கு ஒருசந்தியெல்லே. நீ சாப்பிடு பிள்ளை."

"ஆருக்காக இருக்கிறியள்?"

"உனக்காகத்தான். நீ சாப்பிட வேணுமெண்டு."

அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. "அலோரா, அப்ப நான் சாப்பிடாட்டி வருத்தம், நீங்கள் சாப்பிடாட்டிச் செபமோ? ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னாலை பட்டினி கிடந்துகொண்டு என்னைச் சாப்பிடு எண்டுறியள். உங்களைப் பாத்துக்கொண்டு எனக்கு என்னெண்டு சாப்பாடு இறங்கும்?"

கை ஓங்கத்தான் தோன்றியது. உனக்காக மலையேறினவளடி நான் என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவள் கண்ணில் இருந்தது திமிர் இல்லை, பயம். என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறாள். நான் மெலிந்துகொண்டு போவதை அவளும் இத்தனை நாளாக இருந்து பார்த்திருக்கிறாள்.

நேர்த்தியை முறித்தால் என்ன வரும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். தண்டனை முறித்தவளுக்கு வராது, அவள் பிள்ளைக்கு வரும். அதை முறித்துவிட்டால் இந்தப் பிள்ளைக்காகச் செய்ய எனக்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை என்பதுதான் அதைவிடப் பெரிய பயம். தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கோழி ஆறிக்கொண்டிருந்தது.

தாயே, கோபித்தால் என்னோடு கோபி என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, ஒரு துண்டை வாயில் வைத்தேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். நான் விழுங்கிய பிறகு தன் தட்டில் ஒரு சின்னத் துண்டை வெட்டி வாயில் வைத்தாள். பிறகு முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள். நான் அடுத்ததை எடுத்தேன். அவளும் எடுத்தாள். காலையிலிருந்து பசியில் கிடந்த எனக்கு ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்றது. நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள். கண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன்.

என் பங்கை முழுதாக முடித்தேன். அவள் தன் பங்கில் பாதிகூட முடிக்கவில்லை. போதும் என்றாள். இன்னும் ஒரு வாய் என்று நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டேன். தட்டுகளை எடுக்க எழும்பியபோது அவள் என் உடுப்பின் நுனியைப் பிடித்தாள்.

"நாளைக்கும் சாப்பிடுவியளோ, அம்மா?"

இத்தனை வாரமும் நான் அவளிடம் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். அவள் ஒரு நாளும் எனக்குப் பதில் சொன்னதில்லை. நான் ஓம் என்றேன்.